மஞ்சள் விளக்கும் முந்நூறு ரூபாய் பாலிஷும்

ஆசிரியருக்கு வணக்கம்.

எதிரே வரும் கார்களின் வெளிச்சத்தில் கண் கூசி, ஸ்கூட்டரை ஓரம் கட்டி நிற்க வேண்டியிருக்கிறது என்று சில நாட்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நியாயமான கோபம். ஆனால் அப்படிக் கண் கூச வைக்கும் பல்பு போடுகிறவர்கள் எல்லோரும் திமிரில் போடுவதில்லை. தன் காரின் முன்விளக்கு மூடி மஞ்சளாகி மங்கி, தனக்கே ரோடு தெரியாமல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நானே அதை வாங்க, கார் சாமான் விற்கும் ஜே.சி. ரோடு கடை வாசல் வரை போனவன்தான். ஏன் போனேன், ஏன் வாங்காமல் திரும்பினேன் என்று எழுதினால் நாலு பேருக்குப் பயன்படும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளமாகிவிட்டது, வெட்டுவதானால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் பெங்களூரு அல்சூர்க்காரன். 31 வருஷம் கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்தவன். கார் 2009-ல் வாங்கிய சின்னக் கார். கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த வயதில் எந்தக் கம்பெனி விளக்கானாலும் மஞ்சள்தான்.

பெரிய பெண்ணைச் செங்கத்தில் கொடுத்திருக்கிறோம். 2023 கார்த்திகை தீபத்துக்குப் போய்விட்டு, மறுநாள் இரவு நானும் வீட்டுக்காரியும் திரும்பிக்கொண்டிருந்தோம். செங்கம் தாண்டி சிங்காரப்பேட்டை வரும் வழி. லேசான தூறல். ரோட்டில் விளக்கு கிடையாது. "என்னங்க, முன்னாடி என்னமோ கறுப்பா நிக்குது" என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் சொன்னதற்காகத்தான் பிரேக்கை மிதித்தேன். கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர். பின்னால் சிவப்பு விளக்கும் இல்லை, ஒட்டுகிற ரிஃப்ளெக்டரும் இல்லை. வண்டி நின்றபோது கரும்புத் தோகை பானெட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஊத்தங்கரையில் டீ குடிக்கும்போதும் கை நடுக்கம் போகவில்லை.

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். தொழில் புத்தி. அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. எனக்கு ஆரம்பமோ என்று நினைத்து, மறுநாளே பழைய கடைக்குப் போய்ச் செக் செய்தேன். பவர் மாறவில்லை, புரையும் இல்லை. வீட்டுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் கார் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இரண்டு விளக்கு மூடியும் வெற்றிலை போட்ட பல் மாதிரி இருந்தன. உள்ளே இருக்கும் பல்பே தெரியவில்லை. தினமும் துடைக்கிற வண்டி. கொஞ்சம் கொஞ்சமாக மங்கினதால் கண் அதற்குப் பழகிவிட்டது.

இதை விளக்குக்கு வந்த கண்புரை என்று மெக்கானிக்குகள் வேடிக்கையாகச் சொல்வார்கள். தப்பு. கண்புரையில் லென்ஸே உள்ளுக்குள் மங்குகிறது. இது வெயிலில் தோல் உரிகிற சமாசாரம். அம்பாசிடர், பியட் காலத்தில் விளக்கு முகம் உருண்டைக் கண்ணாடியாக இருந்தது. கல் பட்டால் உடையும், ஆனால் நிறம் மாறாது. நடுவில் கறுப்புப் பொட்டு வைத்திருப்போமே, அந்த விளக்கு. பிறகு வந்தது பாலிகார்பனேட். 1953-ல் ஜெர்மனியில் ஒருவரும் அமெரிக்காவில் ஒருவரும் தனித்தனியாகக் கண்டுபிடித்த பிளாஸ்டிக். எடை குறைவு, எந்த வடிவத்திலும் வார்க்கலாம், சுத்தியலால் அடித்தாலும் சுலபத்தில் உடையாது. அதனால்தான் குழந்தைகளுக்குக் கண்ணாடி போடும்போது எங்கள் கடையில் இதைத்தான் சொல்வோம். "அல்ட்ரா வயலெட்டை முழுக்கத் தடுக்கும் சார்" என்று விற்போம். பொய் இல்லை, தடுக்கும். தடுத்ததை அது என்ன செய்கிறது என்றுதான் யாரும் கேட்டதில்லை. அந்தக் கதிரைத் தானே வாங்கிக்கொள்கிறது. வாங்கி வாங்கி மேல்பரப்பு சிதைந்து மஞ்சளாகிறது. மூக்குக்கண்ணாடியை இரண்டு வருஷத்தில் மாற்றிவிடுவோம், கார் விளக்கோ பதினைந்து வருஷம் தெருவில் நின்று காய்கிறது. பெங்களூரு குளுகுளு ஊர் என்று பெயர்தான். மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறோம். காற்று சில்லென்று இருப்பதால் இந்தக் கதிர் குறைந்துவிடாது.

இன்னொன்று: பாலிகார்பனேட் கல்லடிக்கு அஞ்சாது, ஆனால் கைக்குட்டையில் தூசி இருந்தாலே கீறல் விழுந்துவிடும். அதனால் மூக்குக்கண்ணாடியோ கார் விளக்கோ, மேலே கெட்டியான கோட்டிங் ஒன்று போட்டுத்தான் தொழிற்சாலையிலிருந்து வரும். விளக்குக்குப் போடுகிற கோட்டிங்கில் வெயிலைத் தடுக்கும் மருந்தும் சேர்த்திருப்பார்கள். ஐந்தாறு வருஷத்தில் அது பொரிந்து உதிர ஆரம்பிக்கும். நாம் பார்க்கிற மஞ்சளும் சொரசொரப்பும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இது தெரிந்தவன் செய்ய வேண்டியதை நான் முதலில் செய்யவில்லை. ஊரில் ஒரு இடத்தில் 'ஹெட்லைட் பாலிஷ், 10 நிமிடம், ரூ.300' என்று போர்டு பார்த்து வண்டியை விட்டேன். பையன் மெஷினில் பஞ்சு வட்டை மாட்டி, காம்பவுண்ட் என்ற பாலிஷ் களிம்பைத் தடவி, விர்ரென்று ஓட்டினான். உண்மையிலேயே பளபளவென்று வந்தது. "மேலே கோட்டிங் ஏதாவது உண்டா தம்பி?" என்றேன். "அதெல்லாம் வேணாம் அங்கிள், இதுவே லைஃப் வரும்" என்றான். டிசம்பரில் போட்டது, ஏப்ரலில் மறுபடி மஞ்சள். அதுவும் முன்னை விட மோசம். முன்பு விளிம்போரம் கொஞ்சம் பழைய கோட்டிங் ஒட்டிக்கொண்டிருந்தது. பாலிஷ் அதையும் வழித்து எடுத்துவிட்டது. மேல்சட்டை இல்லாமல் நடுவெயிலில் நிறுத்தின கதை. அந்தப் பையன் மேல் கோபமில்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். கேட்டு வைத்தும் நம்பிக்கொண்டு வந்த என் மேல்தான் கோபம்.

அப்போதுதான் மெக்கானிக், "நூறு வாட் பல்பு போட்டுடுங்கண்ணா, இல்லாட்டி எல்.இ.டி." என்றார். ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். கடையில் ஒரு எல்.இ.டி. பல்பை எரியவிட்டுக் காட்டினார்கள். எதிர்ச் சுவரில் வெள்ளையாக அடித்தது. பர்ஸை எடுத்த கை அப்படியே நின்றது, ஏனென்றால் வாசலில் நின்ற என் காரின் மஞ்சள் மூடி கண்ணில் பட்டது. விளக்கு மூடி, அதாவது அதன் லென்ஸ், மங்கினால் வெளிச்சம் குறைவது மட்டும் இல்லை, சிதறும். ரோட்டில் விழ வேண்டியது மேலேயும் பக்கவாட்டிலும் தெறிக்கும். உள்ளே எவ்வளவு பெரிய பல்பு போட்டாலும் ஓட்டுகிறவனுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும், எதிரே வருகிறவன் கண்ணில்தான் மிச்சமெல்லாம். உங்கள் வாசகர் ஸ்கூட்டரை ஓரம் கட்டியது இப்படி ஒரு காருக்காகவும் இருக்கலாம். தவிர, என் விளக்குக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர் 60/55 வாட் பல்பின் இழை இருக்கிற இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. எல்.இ.டி.யில் ஒளி வேறு இடத்திலிருந்து கிளம்புகிறது, கணக்கு கெட்டுவிடும். நூறு வாட் போட்டால் ஹோல்டரும் வயரும் இளகும். எட்டு மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசாதபடி விளக்கு கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்று 1989-ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. பர்ஸை உள்ளே வைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து சிவாஜிநகர் குஜிரிக்கும், அதாவது பழைய சாமான் சந்தைக்கும், ஒரு நடை போனேன், பழைய விளக்கு கிடைக்குமா என்று. கிடைத்தது. ஒரு குவியலே இருந்தது, எல்லாம் என்னுடையதை விட மஞ்சள்! புது ஜோடி நாலாயிரத்துச் சொச்சம் சொன்னார்கள். அந்த ஜூலையில் வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிய இருந்தது, ஆர்.சி. என்ற பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்த கட்டணம் அப்போது 5,000 ஆகியிருந்தது. அதோடு இதுவும் என்றால் பென்ஷன்காரனுக்குக் கட்டுமா? சரி, 31 வருஷம் தேய்த்த கை சும்மாதானே இருக்கிறது என்று உட்கார்ந்துவிட்டேன்.

தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பல் தேய்க்கும் பேஸ்ட் என்றார் மாடிவீட்டுக்காரர். அதில் இருப்பது மெல்லிய சுண்ணாம்புப் பொடி. லேசாகத் தேய்க்கும், ஒரு வாரம் பளபளக்கும். கொசு விரட்டும் ஸ்ப்ரே அடித்தால் நொடியில் தெளிகிறது என்று ஒரு பையன் போனில் வீடியோ காட்டினான். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பகீர் என்றது. டீட் என்ற கொசு விரட்டும் மருந்து கலந்த ஸ்ப்ரே பிளாஸ்டிக்கைக் கரைக்கும். மேல்பரப்பு இளகி வழிந்து சமமாவதைத்தான் தெளிவு என்று காட்டுகிறார்கள். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் எதையும் கிட்டே கொண்டுபோகக் கூடாது. எங்கள் கடைக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன், வாடிக்கையாளரின் லென்ஸில் இருந்த மார்க்கிங் மையை அசிட்டோன் பஞ்சால் துடைத்தான். அசிட்டோனைத் தாங்கும் சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ்தானே என்று நினைத்துவிட்டான், அது பாலிகார்பனேட். கண்ணெதிரே வெடித்த ஏரி மண் மாதிரி கோடு கோடாகப் பிளந்தது. முதலாளி அன்று கத்தின கத்தலைப் பக்கத்துத் துணிக்கடைக்காரர்கூட வந்து எட்டிப் பார்த்தார்.

இனி வேலை. மே மாதம், ஞாயிறு காலை ஆறரைக்கு, நிழல் இருக்கும்போது ஆரம்பித்தேன். விளக்கைச் சுற்றிப் பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று. ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு. வாட்டர் பேப்பர், அதாவது தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், 800 நம்பரில் தொடங்கினேன். நம்பர் ஏற ஏறத் தாள் நைஸாகும். தாளை விரலில் மடித்துத் தேய்க்காதீர்கள். விரல் அழுத்துகிற இடம் பள்ளம் விழும். நான் பழைய ஹவாய் செருப்பில் ஒரு துண்டு வெட்டி அதன்மேல் சுற்றிக்கொண்டேன். இடமும் வலமுமாக ஒரே திசையில் தேய்த்தால், வழிகிற நீர் மஞ்சள்பொடி கரைத்த மாதிரி வரும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் அதைப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். எப்போது அந்த வழியல் மஞ்சள் போய்ப் பால் மாதிரி வெள்ளையாகிறதோ, அப்போது சிதைந்த தோல் போய்ப் புது பிளாஸ்டிக் வந்துவிட்டது என்று அர்த்தம். வலது விளக்குக்கு எனக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. இந்தக் கட்டத்தில் லென்ஸ் முழுக்க உறைபனி படிந்த மாதிரி வெள்ளையாக இருக்கும். "இருந்ததையும் கெடுத்துட்டீங்களா?" என்றாள் வீட்டுக்காரி. யாரும் பயந்துவிடக் கூடாத இடம் அது.

அப்புறம் 1000, மேலும் கீழுமாக. திசை மாற்றுவதன் சூட்சுமம், முந்தின தாளின் கோடு ஒன்றுகூட மிச்சமில்லாமல் போய்விட்டதா என்று கண்ணுக்குத் தெரியும். கடைசியாக 1500, மறுபடி இடம் வலம். ஒவ்வொரு தாளுக்கும் பக்கெட் தண்ணீரை மாற்றினேன். பழைய தாளின் ஒரு மணல் துணுக்கு மாட்டினால் போதும், எல்லாம் முதலிலிருந்து. மூக்குக்கண்ணாடி வேலையிலும் இதே கதைதான்.

இங்கேதான் கடைக்காரர்களோடு நான் பிரிகிறேன். அவர்கள் 3000 வரை போய், காம்பவுண்டில் பளபளப்பாக்கி முடித்துவிடுவார்கள். நான் 1500-லேயே நிறுத்திவிட்டேன், மங்கலாகவே. லிங்கராஜபுரத்தில் எனக்குத் தெரிந்த டிங்கர் பட்டறை ஒன்று இருக்கிறது, அங்கே பெயின்டரிடம் வண்டியை விட்டேன். அவர் அடித்தது, இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த டூகே கிளியர் என்ற நிறமில்லாத பூச்சு, கார் பெயின்ட்டுக்கு மேல் கடைசியாக அடிப்பார்களே, அதேதான். பளபளப்பான மேல்பரப்பில் அது பிடிக்காது, கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும். ஸ்பிரிட்டில் துடைத்துக் காயவிட்டு, முதலில் பனித்தூவல் மாதிரி ஒரு மெல்லிய கோட். ஒரேயடியாக ஈரமாக அடித்தால் கிளியரில் உள்ள கரைப்பானே பிளாஸ்டிக்கைக் கடிக்கும். பத்து நிமிடம் விட்டு அடுத்த கோட். அதில் நடந்ததைப் பார்க்கப் பணம் கொடுத்திருக்கலாம். ஸ்ப்ரே துப்பாக்கி நகர்ந்த வழியே வெள்ளை மறைந்து, உள்ளே பல்பும் ரிஃப்ளெக்டரின் மடிப்புகளும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நுண்ணிய கீறல்களைக் கிளியர் நிரப்பிவிடுகிறது, அவ்வளவுதான் ரகசியம். இதை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். அந்த ஹார்டனரின் ஆவி நுரையீரலுக்கு ஆகாது, துணி மாஸ்க் போதாது. பெயின்டருக்குக் கொடுத்தது 600 ரூபாய், வாட்டர் பேப்பரும் டேப்பும் 150.

அன்றைக்கு ஒரு விளக்குதான் முடிந்திருந்தது. இரவு ஏழரைக்கு அபார்ட்மென்ட் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தி, உங்கள் பத்திரிகையையே எடுத்துக்கொண்டு இருபது தப்படி தள்ளி நின்றேன். இடது பக்கத்துப் பழைய விளக்கின் வெளிச்சத்தில் தலைப்பு மட்டும் படிக்க முடிந்தது. வலது பக்கம் நகர்ந்ததும் கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தில் பேரன் பேத்திகள் பெயர் வரை படித்தேன். மாப்பிள்ளையிடம் போனில் சொன்னபோது, அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2018-ல் இதை அளந்திருக்கிறது என்று தேடி அனுப்பினார். மங்கின விளக்கிலிருந்து, புதியதன் ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் வருகிறதாம். புதுப்பித்தால் சுமார் 70 சதவீதம் வரை திரும்புகிறதாம். என் சுவர்க் கணக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். அடுத்த ஞாயிறு இடது விளக்கும் முடிந்தது. ஜூலையில் ஆர்.சி. புதுப்பிக்க எஃப்.சி. என்ற தகுதிச் சோதனைக்குக் காட்டியபோது விளக்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

உள்பக்கம் ஆவி படிந்தோ தூசி சேர்ந்தோ மங்கியிருந்தால் இந்த வேலை எதுவும் பலிக்காது, விளக்கைக் கழற்றிப் பிரித்தால்தான் உண்டு. வேலை முடிந்ததும் விளக்கின் மட்டத்தையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தெளிவான விளக்கு உயரத் தூக்கி அடித்தால் மஞ்சள் விளக்கை விட எதிராளிக்குத் தொல்லை.

போலீஸார் கண்கூசும் பல்பைப் பிடிப்பதை நான் வரவேற்கிறேன். அதோடு எமிஷன் டெஸ்டுக்கு வண்டி வரும்போது, புகைக் குழாயைப் பார்க்கிற பையன் முன்பக்கம் வந்து விளக்கு மூடியையும் ஒரு பார்வை பார்த்து, மங்கியிருந்தால் சீட்டில் குறித்துக் கொடுத்தால் என்ன? அதற்கு மெஷின் கூட வேண்டாம். பாலிஷ் கடைக்குப் போகிற வாசகர்கள், மெஷினை ஓட்டுவதற்கு முன்பே, "மேலே என்ன கோட்டிங், எத்தனை மாதம்?" என்று கேளுங்கள். வெறும் பாலிஷ்தான் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள், உங்கள் பழைய மஞ்சளே மேல்.

என் விளக்கு ஒரு முழுக் கோடையையும் இரண்டு மழைக்காலத்தையும் பார்த்துவிட்டது. வலது இன்னும் தெளிவாக இருக்கிறது. இடதில் மேல் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குக் கிளியர் உரிய ஆரம்பித்திருக்கிறது. அது பெயின்டர் தப்பு இல்லை. பானெட் ஓரத்தில் கை நுழையவில்லை என்று அந்த மூலையை 800-ல் சரியாகத் தேய்க்காமல் விட்டவன் நான்தான். ஒட்டுப்போட முடியாது, அந்த விளக்கை முழுசாகத்தான் மறுபடி செய்ய வேண்டும். தீபத்துக்குச் செங்கம் போவதற்குள் முடித்துவிட உத்தேசம். வாட்டர் பேப்பர் அரைத் தாள் மிச்சம் இருக்கிறது.

இப்படிக்கு,
பெயர் போட விரும்பாத பழைய லென்ஸ்காரன்,
அல்சூர், பெங்களூரு